பெருமருந்தும் பேரேடும்

நாட்டு வைத்தியத்தைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே இரு சாராராகப் பிரிந்து நிற்கின்றனர். அந்நியர் ஆட்சிக் காலத்து ஆங்கிலக் கல்வி வகுத்த வழியிற் சென்று, குடிநீரும் சூரணமும் எண்ணெயும் அறியாமையின் எச்சங்கள் என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். அந்த அவமதிப்புக்கு எதிர்க்குரலாக எழுந்து, முன்னோர் கண்ட மருந்து பல்லாயிரம் ஆண்டு அனுபவத்தாற் புடமிடப்பட்டது, அதனாற் கேடு விளைய இடமேயில்லை என்று சாதிப்போர் மறுசாரார். ஏளனமும் வழிபாடும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றினும், ஒரு விடயத்தில் இவ்விரு சாராரும் உடன்பட்டவர்களே. மருந்தை உண்டவனுக்கு அதன்பின் என்ன நேர்ந்தது, அதனை யார் கவனித்தார், எந்த ஏட்டில் எழுதி வைத்தார் என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. முதற் சாராருக்கு அது கேட்கத் தகுதியற்ற கேள்வி. இரண்டாஞ் சாராருக்கு அது கேட்கக் கூடாத கேள்வி.

ஆயினும் அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது மிக அண்மைக்காலத்து வரலாறு; துயரம் நிறைந்த வரலாறுங்கூட. அதனை ஒரே ஒரு செடியின் கதையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியம் எனது துறையன்று. தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். கதையின் நடுவே ஒரு பெயர்க்குழப்பம் கிடப்பதால், சொற்களோடு பழகியவனுக்கும் அதில் ஓரளவு உரிமை உண்டு என்றே கருதுகின்றேன்.

அச்செடியின் குடும்பத்தைத் தாவரவியலாளர் அரிஸ்டொலொக்கியா என்பர். கிரேக்கத்தில் 'அரிஸ்டொஸ்' என்றால் மிகச் சிறந்தது; 'லொக்கியா' என்பது பிள்ளைப்பேற்றைச் சார்ந்தது. பேறுகாலத்திற்குச் சிறந்த மருந்து என்பதே பெயரின் பொருள். பண்டைக் கிரேக்க, உரோம வைத்தியர் இதனைப் போற்றினர், கி.பி. முதலாம் நூற்றாண்டில் மருந்துச் சரக்குகளைத் தொகுத்த டயஸ்கொரிடீசும் இதனைக் குறிப்பிடுகின்றார். நம்மிடையே இதே குடும்பத்துக் கொடியொன்று ஈசுரமூலி என வழங்குகின்றது. சிங்களத்தில் 'சப்சந்த' என்பர். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்ட அக்கொடிக்குப் பெருமருந்து என்றே மற்றொரு பெயரும் உண்டு. கிரேக்கன் 'மிகச் சிறந்தது' என்றான். தமிழன் 'பெருமருந்து' என்றான். இதன் இன்னொரு வகையாகிய ஆடுதின்னாப்பாளைக்கு வாய்த்த பெயரோ வேறுவிதமானது. தின்னத் தகாதது எதுவென்று ஆடு அறிந்து வைத்திருந்ததை நம் முன்னோர் பெயரிலேயே பதிந்துவிட்டனர். கசப்பினால் ஆடு விலகியிருக்கலாம். அதற்குமேல் அந்தப் பெயருக்குப் பொருள் கற்பிப்பது முறையன்று. எனினும் இன்றைக்கு அப்பெயரைப் படிக்கும்போது ஒருகணம் நின்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் வைத்தியர்கள் நஞ்சை அறியாதவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. நேர்வாளம் கடும் பேதியை உண்டாக்கும் என்பதையும், சேங்கொட்டையின் பால் பட்ட தோல் கொப்பளிக்கும் என்பதையும் அறிந்தே அவற்றைச் சுத்தி செய்யும் முறைகளை வகுத்தனர். பத்தியமும் அனுபானமும் அவ்வறிவின் வழிவந்தவையே. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைப் பேணிய யாழ்ப்பாணத்து மரபு வெறும் மந்திர மாயம் அன்று. கண்ணாற் கண்டு கையாற் செய்து தேர்ந்த அறிவு அது. ஆனால் அந்த அறிவின் எல்லை எது என்பதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும். நேர்வாளம் ஒரு பொழுதில் வேலை செய்கின்றது. சேங்கொட்டை ஓரிரு நாளிற் தன் குணத்தைக் காட்டுகின்றது. வைத்தியனின் கண்முன்னே விளைவு நிகழ்கின்றது. அவன் காரணத்தை உணர்கின்றான். மருந்து உண்டு பத்து ஆண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறொரு நோயின் பெயரால் ஒருத்தி இறந்துபோனால், அம்மரணத்தை அவன் எந்த மருந்தோடு முடிச்சுப் போடுவான்? மூவாயிரம் ஆண்டு அனுபவம் என்பது உண்மையில் ஒரு நாள், ஒரு வார அனுபவம் மூவாயிரம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததேயாகும்.

இவ்வுண்மை வெளிப்பட்ட இடம் கீழைத்தேயம் அன்று. பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசெல்ஸ். அந்நகரில் உடல் மெலிவதற்குச் சிகிச்சையளித்து வந்த மருத்துவ நிலையமொன்றிற்கு வசதி படைத்த பெண்கள் போய்வந்தனர். பல ஆண்டுகளாகக் குறிப்பிடத்தக்க கேடு எதுவுமின்றி அது நடந்துவந்தது. 1990ஆம் ஆண்டில் அங்கு கொடுக்கப்பட்ட மருந்துக் கலவை மாற்றப்பட்டது. சீன மூலிகைகள் இரண்டின் பொடி புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஈராண்டு கழிந்தது. 1992இல் இரண்டு பெண்கள் சிறுநீரகம் விரைவாகச் செயலிழந்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்தனர். இருவரும் இளவயதினர், நீரிழிவோ உயர்குருதியமுக்கமோ காரணமாகக் காணப்படவில்லை. சிறுநீரக இழையம் நார்போலாகிச் சுருங்கியிருந்தது. அவர்களைப் பரிசோதித்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் எராஸ்ம் வைத்தியசாலையைச் சேர்ந்த பேராசிரியர் ழான்-லூயி வான்ஹெர்வெகெம். அவர் செய்த காரியம் மிக எளிமையானது. வேறென்ன உட்கொண்டீர்கள் என்று கேட்டார். பின்னர் நகரத்திலிருந்த ஏனைய சிறுநீரகச் சிகிச்சை நிலையங்களிலும் இதே கேள்வியைக் கேட்கச் செய்தார். மேலும் எழுவர் அகப்பட்டனர். ஒன்பதின்மரும் ஐம்பது வயதுக்கு உட்பட்ட பெண்கள். ஒன்பதின்மரும் அதே மெலிவுச் சிகிச்சையைப் பெற்றவர்கள். 1993இல் 'லான்செற்' சஞ்சிகையில் இச்செய்தி வெளியாயிற்று. காலப்போக்கில் பெல்ஜியத்தில் மட்டும் இத்தகைய நோயாளரின் தொகை நூறைத் தாண்டியது.

சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மூலிகையின் பெயர் ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா. ஆனால் பொடியைப் பகுத்து ஆராய்ந்தபோது, அம்மூலிகையில் இருக்கவேண்டிய காரப்பொருள் பெரும்பாலான மாதிரிகளிற் காணப்படவில்லை. 1994இல் உண்மை துலங்கியது: பொடியில் இருந்தது அரிஸ்டொலொக்கிக் அமிலம். நிகழ்ந்தது இதுதான். சீனத்தில் 'பாங் ஜி' என்ற பெயரால் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்குகின்றன. 'ஹான் பாங் ஜி' என்பது ஸ்டெபானியா. 'குவாங் பாங் ஜி' என்பது அரிஸ்டொலொக்கியா குடும்பத்துச் செடி. சந்தையில் முன்னொட்டு உதிர்ந்துபோயிற்று. பொதுப்பெயர் மட்டும் கப்பலேறியது.

இதைப் பிறநாட்டுப் புதினமாக நாம் கருதவேண்டியதில்லை. தமிழகத்தில் நிலவேம்பு என்றால் அந்திரோகிராபிஸ் என்ற செடி. அதே பொருளைத் தரும் சிங்களப் பெயராகிய 'பிங்கொஹொம்ப' இலங்கை வைத்திய மரபில் முன்ரோனியா என்ற முற்றிலும் வேறான செடியைக் குறிக்கும். முன்ரோனியா அரிதானது, விலைகூடியது. ஆகவே அதற்குப் பதிலாக அந்திரோகிராபிஸ் விற்கப்படுகின்றது. இவ்விரண்டிலும் பிரசெல்ஸில் நேர்ந்தது போன்ற கேடு இருப்பதாக நான் சொல்லவில்லை. பெயர் ஒன்று, பொருள் வேறு, இடையில் நிற்பது விலை என்ற அமைப்பு நம் சரக்குக் கடையிலும் உண்டு என்பதையே சுட்டுகின்றேன். செடியைத் தானே காட்டிற் பறித்து, தானே இடித்து, தன் ஊரவனுக்குக் கொடுத்த வைத்தியன் பெயரால் ஏமாறவில்லை. பறிப்பவன் ஒருவன், உலர்த்துபவன் ஒருவன், ஏற்றுமதி செய்பவன் ஒருவன், பொடியாக்கி மாத்திரையில் அடைப்பவன் மற்றொருவன் என்று ஆனபின், செடிக்கும் நோயாளிக்கும் இடையே எஞ்சியிருப்பது ஒரு சொல் மட்டுமே. மரபு என்று இன்று விற்கப்படுவதிற் பெரும்பகுதி மரபின் உற்பத்தி முறையினின்றும் அறுபட்ட பண்டம். மரபைப் போற்றுவோர் இதனை ஏன் கவனிப்பதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

இந்நோய்க்கு முதலில் இடப்பட்ட பெயரையும் இங்கு நோக்கவேண்டும். 'சீன மூலிகைச் சிறுநீரக நோய்' என்றே அதனை ஐரோப்பியர் அழைத்தனர். சீன வைத்தியம் ஐரோப்பியப் பெண்களைக் கொன்றது என்ற எண்ணத்தையே அப்பெயர் ஊட்டியது. ஆனால் பிரசெல்ஸ் கலவையைச் சீன வைத்தியர் எவரும் வகுக்கவில்லை. பசியை அடக்கும் மேலைத்தேய மருந்துகளாகிய பென்புளூரமைனும் டையெதில்புரோப்பியனும் அதில் இருந்தன. சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் பேதி மருந்தும் இருந்தன. அவற்றின் நடுவே சீனப் பொடி தூவப்பட்டது. உடல் மெலிவதற்காக மாதக்கணக்கில் இம்மூலிகையை உண்பது சீன மரபில் இருந்ததன்று. பின்னர் அறிஞர்கள் அப்பெயரைக் கைவிட்டு, 'அரிஸ்டொலொக்கிக் அமிலச் சிறுநீரக நோய்' என்று குற்றவாளியின் பெயரையே நோய்க்கு இட்டது நீதியான செயல்.

சிறுநீரகத்தோடும் கதை முடியவில்லை. இவ்வமிலம் உயிர்க்கலத்தின் டீ.என்.ஏ.யிற் சென்று ஒட்டிக்கொள்கின்றது. அவ்வொட்டு ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த பெல்ஜிய நோயாளர் 39 பேரின் சிறுநீரகங்களும் சிறுநீர்க் குழாய்களும் முன்னெச்சரிக்கையாக அகற்றப்பட்டதைக் கூறியது. அவர்களுள் 18 பேருக்குப் புற்றுநோய் ஏற்கெனவே தோன்றியிருந்தது. எஞ்சிய 21 பேரில் 19 பேரின் கலங்களிற் புற்றுக்கு முந்திய மாற்றங்கள் காணப்பட்டன. மருந்தை அவர்கள் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 2002இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இக்குடும்பத்துச் செடிகள் அடங்கிய மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்ற முதலாம் வகுப்பிற் சேர்த்தது.

இவ்வளவும் அறியாமையால் நேர்ந்ததென்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. பெல்ஜியத்தின் அயல்நாடு ஜேர்மனி. அங்கு அரிஸ்டொலொக்கிக் அமிலம் அடங்கிய மருந்துகள் விற்பனையில் இருந்தன. எலிகளுக்கு அதனை ஊட்டிய சோதனையிற் சில மாதங்களுள் புற்றுநோய் கண்டது. 1981இல் அம்மருந்துகள் மேற்கு ஜேர்மனியில் விலக்கப்பட்டன. பிரசெல்ஸில் மாத்திரை மாற்றப்பட்டதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஓரிரு மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள நாட்டில் அறிவு இருந்தது. பண்டத்திற்கு எல்லை திறந்திருந்தது. அறிவு எல்லையில் நின்றுவிட்டது.

அறிவு எவ்வாறு எல்லை கடக்கவேண்டும் என்ற பாடத்தை உலகம் அதற்கு முன்பே கற்றிருந்தது என்பதுதான் இதில் வேதனைக்குரியது. அப்பாடத்தைக் கற்பித்தது மூலிகையன்று. நவீன ஆலையிற் தயாரிக்கப்பட்ட தாலிடோமைட். 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த இத்தூக்க மருந்தைக் கருவுற்ற தாய்மார் வாந்திக்கும் உட்கொண்டனர். கைகால் குறைந்த குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜேர்மனியில் லென்ஸ், அவுஸ்திரேலியாவில் மக்பிரைட் என்ற வைத்தியர்கள் தனித்தனியே ஐயுற்று 1961இல் அதனை வெளியிட்டனர். அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தன என்பர். மேலைத்தேய மருந்தென்றாலே விஞ்ஞானம் என்று நம்புவோர் இதனை மறத்தலாகாது. அங்கும் முதலில் ஏடு இருக்கவில்லை. குழந்தைகளின் உடலே ஏடாயிற்று.

இதன் விளைவாகவே மருந்துக் கண்காணிப்பு என்ற சமூக ஏற்பாடு பிறந்தது. 1964இல் பிரித்தானியா மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. மருந்தால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததென்று ஐயுறும் வைத்தியர் மஞ்சள் அட்டையொன்றை நிரப்பி அனுப்பவேண்டும், அவ்வளவே. காரணத்தை நிரூபிக்கவேண்டியதில்லை, ஐயம் போதும். ஓர் அட்டை ஒன்றையும் சொல்லாது. நூறு அட்டைகள் ஒன்றுசேரும்போது தனி வைத்தியன் கண்ணிற் படாதது புலப்படும். 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் பத்து நாடுகள் தம் அறிக்கைகளை ஒன்றுதிரட்டத் தொடங்கின. 1978இல் அதன் நிலையம் சுவீடனின் உப்சாலா நகரில் அமைந்தது. இம்முறையின் மேன்மை அதன் எளிமையிலேயே இருக்கின்றது. தனிமனிதனின் மேதைமையை அது எதிர்பார்க்கவில்லை. பலருடைய சிறு கவனங்களைக் கூட்டி ஒரு பெரிய கவனமாக்குகின்றது.

எனினும் இந்த ஏட்டில் மூலிகைக்கு நெடுங்காலம் தனிப்பக்கம் இருக்கவில்லை. அனுமதிப்பத்திரமற்ற மூலிகை மருந்துகளையும் மஞ்சள் அட்டையில் அறிவிக்கலாம் என்று பிரித்தானியா விரித்தது 1996இல்; முறை தொடங்கி 32 ஆண்டுகளுக்குப் பின். மூலிகை மருந்துகளை எவ்வாறு கண்காணிப்பது என்ற வழிகாட்டி நூலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 2004இல். ஏளனஞ் செய்தோர் மூலிகையைப் பொருட்படுத்தவில்லை. வழிபட்டோர் அதனைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கினர். அந்த இடைவெளியில் வணிகம் செழித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1994இல் இயற்றப்பட்ட சட்டம் மூலிகைப் பண்டங்களை உணவுத் துணைப்பொருள் என்று வகுத்தது. அவை கேடற்றவை என்று விற்பவன் முன்கூட்டி நிறுவவேண்டியதில்லை; கேடானவை என்று அரசுதான் பின்னர் நிறுவவேண்டும். மெலிவதற்கென்று விற்கப்பட்ட எபிட்ரா என்ற மூலிகைப் பண்டம் இதயத்தைத் தாக்குவதாக முறைப்பாடுகள் குவிந்தும், அது விலக்கப்பட்டது 2004இல். தமக்குக் கிடைத்த பாரதூரமான முறைப்பாடுகளை அரசுக்கு அறிவிக்கும் கடமையை உற்பத்தியாளர் மீது சுமத்திய சட்டம் 2006இலேயே வந்தது.

பிரசெல்ஸ் நோயாளருக்காவது ஒரு வான்ஹெர்வெகெம் வாய்த்தார். டான்யூப் ஆற்றின் கிளைகளை அண்டி வாழ்ந்த உழவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. பல்கேரியா, யுகோஸ்லாவியா, ருமேனியா ஆகிய நாடுகளின் சில கிராமங்களில் மட்டும் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் செயலிழந்து மக்கள் இறப்பதை 1950களின் நடுப்பகுதியில் வைத்தியர்கள் எழுதினர். தண்ணீர் என்றனர், பூஞ்சண நஞ்சு என்றனர், உலோகம் என்றனர், பரம்பரை என்றனர். 1969இல் இவிச் என்ற யுகோஸ்லாவிய ஆய்வாளர் கோதுமை வயல்களிற் களையாக அரிஸ்டொலொக்கியா வளர்வதையும், அதன் விதை தானியத்தோடு சேர்ந்து அரைபட்டு அப்பத்தில் கலப்பதையும் சுட்டிக்காட்டினார். தம் நாட்டு மொழியில் வெளியான அவரது கருத்தை உலகம் பொருட்படுத்தவில்லை. பிரசெல்ஸ் பெண்களின் சிறுநீரகமும் இவ்வுழவரின் சிறுநீரகமும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்றுபோலிருப்பதைக் கண்ட பின்னரே பழைய கட்டுரை தூசி தட்டப்பட்டது. 2007இல் குறொல்மனும் அவரது குழுவினரும் குரோவேசிய நோயாளரின் இழையங்களில் அதே அமிலத்தின் அடையாளத்தைக் கண்டு நிறுவினர். அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. நகரத்துச் செல்வப் பெண்களுக்கு நோய் கண்டபோது காரணத்தை அறிய இரண்டு ஆண்டு. வயலில் உழைத்தவனுக்கு ஐம்பது ஆண்டு. இந்தக் கணக்கு வைத்தியத்தின் கணக்கு மட்டுமன்று.

தாய்வானின் அனுபவம் இதனின்றும் வேறானது. நமக்கு மிகப் பயன்படத்தக்கது. 1995இல் அங்கு தேசிய சுகாதாரக் காப்புறுதி வந்தபோது சீன வைத்தியத்தையும் அதனுள் அடக்கினர். சீன வைத்தியர் எழுதும் ஒவ்வொரு மருந்துச் சீட்டும் அரசின் ஏட்டில் ஏறியது. மரபுக்கு மதிப்பளித்துச் செய்த அக்காரியமே, எதிர்பாராத வகையில், மரபைப் பரிசோதிக்கும் கருவியாயிற்று. இரண்டு இலட்சம் பேரின் பதிவுகளை மாதிரியாக எடுத்து நோக்கியபோது, 1997 முதல் 2003 வரை மூன்றிலொருவருக்கு அரிஸ்டொலொக்கிக் அமிலம் அடங்கிய மூலிகை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. காலப்போக்கில் அவ்வமிலத்தை 150 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டோரிடையே சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் மிகுந்திருந்தது. 2003இல் தாய்வான் அம்மூலிகைகளை விலக்கியது. அதே ஆண்டிற் சீனாவும் 'குவான் மூ தொங்' என்ற அரிஸ்டொலொக்கியா வகையை விலக்கியது. பழைய நூல்களின் 'மூ தொங்' அக்கேபியா என்ற தீங்கற்ற கொடியாகும். இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தில் இது புகுந்துகொண்டது. இங்கும் பழைய நூல் குற்றவாளியன்று.

இந்தியாவின் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பண்டங்களுள் 14இல் ஈயம், இரசம், பாசாணம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக ஓர் ஆய்வு கூறியது. பரபரப்பு எழுந்தது. 2006 தொடக்கம் ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் உலோகப் பரிசோதனை கட்டாயமாயிற்று. ஏற்றுமதியாகும் மருந்துக்கு என்பதை வாசகர் மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். பொஸ்டன் நகரத்தான் குடிப்பது முதலிற் சோதிக்கப்பட்டது. தஞ்சாவூரான் குடிப்பது பின்னர் பார்த்துக்கொள்ளப்படலாம் போலும். எவ்வாறாயினும் 2008இல் ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளுக்கெனத் தேசியக் கண்காணிப்புத் திட்டமொன்று ஜாம்நகரை நிலையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மரபு வைத்தியர்களே தம் மருந்தின் தீங்கைத் தாமே எழுதி அனுப்பவேண்டும் என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டது. அது பெரிய மனமாற்றம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிற் சுதேச வைத்தியத்தை அரசு அங்கீகரித்த வரலாறு நெடியது. 1929இற் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் அதற்கெனத் திணைக்களத்தை அமைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாயிற்று. இவை போராடிப் பெற்ற உரிமைகள். மறுபுறம், மேலைத்தேய மருந்து வணிகத்தின் கொள்ளையைத் தடுக்க முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் 1971இல் அளித்த அறிக்கையும், அவ்வாண்டில் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் மூன்றாம் உலக நாடுகளுக்கே வழிகாட்டின. மருந்து என்ன பெயரில் விற்கப்படுகின்றது என்பதன்று, அதனுள் என்ன இருக்கின்றது என்பதே முக்கியம் என்பது பிபிலே வற்புறுத்திய கொள்கையின் உயிர். வர்த்தகப் பெயர்களை எதிர்த்து எழுந்த அக்கொள்கை சரக்குக் கடைக்கும் பொருந்தும் என்பதை நாம் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. மேலைத்தேய மருந்துக்கு ஒரு சட்டம், சுதேச மருந்துக்கு வேறொரு சட்டம் என்று பிரிந்து நிற்கின்றோம். ஆனால் இரண்டையும் குடிக்கும் வயிறு ஒன்றே.

வடமத்திய மாகாணத்தில் 1990கள் தொடக்கம் உழவரைப் பீடித்துவரும் சிறுநீரக நோய் யாவரும் அறிந்தது. டான்யூப் கிராமங்களிற் போலவே இங்கும் தண்ணீர் என்றும், கிருமிநாசினி என்றும், உலோகம் என்றும், வெயிலில் உழைப்பதால் உடல்நீர் வற்றுவதென்றும் காரணங்கள் கூறப்படுகின்றன. ஒரே காரணமென்று எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. இதில் மூலிகை மீது பழி சுமத்துவதற்கு எவ்வித ஆதாரத்தையும் நான் காணவில்லை. அவ்வாறு சுமத்துவது ஏழை உழவனின் ஒரே துணையாகிய ஊர் வைத்தியனுக்குச் செய்யும் அநீதியுமாகும். ஆனால் ஆய்வாளன் ஒருவன் இந்நோயாளி இருபது ஆண்டுகளுக்கு முன் பாம்புக்கடிக்கோ காய்ச்சலுக்கோ எந்தக் குடிநீரை எவ்வளவு காலம் குடித்தான் என்று கேட்டால், பழியைத் துடைப்பதற்காகவாவது எடுத்துக் காட்ட ஓர் ஏடு வேண்டாமா? ஏடு இல்லாத இடத்தில் ஊர் வைத்தியனின் குற்றத்தை எவராலும் நிறுவ முடியாது. அவனுடைய குற்றமின்மையையும் நிறுவ முடியாது.

அவ்வேட்டை எழுதுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஊர் வைத்தியரின் மேசையில் ஒரு கொப்பி. அதில் நோயாளியின் பெயர், கொடுத்த மருந்து, சரக்கு வாங்கிய கடை, நாள். அரசினர் வைத்தியசாலையில் ஒரு கேள்வி. அந்தக் கேள்விதான் நம்மிடையே அரிதாக இருக்கின்றது. கிராமத்துக் கிழவி ஒருத்தி வெள்ளைக்கட்டிலில் வந்து கிடக்கும்போது, நாட்டு மருந்து குடித்தாயா என்று அவளிடம் கேட்கப்படுவதுண்டு. ஆனால் அது அறிவதற்காகக் கேட்கும் தொனியன்று, ஏசுவதற்குத் தோதாகக் கேட்கும் தொனி. அவளும் அதனை நன்கறிவாள். "இல்லை ஐயா, ஒண்டும் குடிக்கேல்லை" என்று சொல்லிவிடுகின்றாள். பக்கத்தில் நிற்கும் மகளும் வாய் திறப்பதில்லை. தாதி அட்டையில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகின்றாள்.